அடுப்புக் குழியில் கிடைத்த அரிசி

பாப்பா,

முதலில் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போதே, அவள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கொடுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கப் போகிறேன். வெறும் வயிற்றில் கோபப்படுவது உனக்கும் ஆகாது, உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் ஆகாது. நீ கோபப்படத்தான் போகிறாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாளைக் காலை நீ அந்த அதிகாரிகளுக்கு முன்னால் நின்று, அடுப்புக் குழியில் கிடைத்த கருகிய அரிசியைப் பற்றிப் பேசுவதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். மண்ணைத் தோண்டிப் பார்க்கும் உன் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்தக் குழிக்குள் இறங்கினேன். அரிசி போட்டேன். அதன்மேல் சூடம் கொளுத்தினேன். நீ கண்டெடுத்த அரிசி அந்தக் காலத்து மனிதர்கள் ஆக்கித் தின்றதாகவும் இருக்கலாம், கெலுகோரில் நம் வீட்டு டப்பாவிலிருந்து நான் எடுத்துக்கொண்டு போனதாகவும் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேற்று மத்தியானம் முழுவதும் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாகத்தான் இருந்தேன். ஒரு தடவை தைரியம் வந்து அழைத்தும்விட்டேன். "என்னப்பா?" என்றாய். நான், "கேஸ் அடுப்ப மூடிட்டியாம்மா?" என்று கேட்டேன். "அப்பா, நான் சைட்ல இருக்கேன் லா" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் நீ நடுவில் சிரிக்க முடியாது, நானும் நடுவில் பேச்சை மாற்ற முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதிய செய்தி அல்ல. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய காலத்தில், ஆளே இல்லாத கிடங்கிலும் ஹார்ன் அடித்துக்கொண்டேதான் போவேன். கூட வேலை பார்த்தவர்கள் எனக்குக் 'கல்யாண ஊர்வலம்' என்று பேர் வைத்திருந்தார்கள். பாலம் வந்து எத்தனையோ காலம் ஆகியும் நான் தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பெர்ரியில்தான் வருகிறேன். பாலத்திலிருந்து விழுந்தால் பிழைக்க முடியாது, படகு கவிழ்ந்தால் நீந்தியாவது கரையேறலாம் என்று நான் விளக்கம் சொன்னபோது, "உங்களுக்குத்தான் நீச்சலே தெரியாதே" என்று உன் அம்மா கேட்டாள். நான் பத்து விஷயத்துக்குப் பயந்தால் ஒன்பதை அவள் சிரித்தே துரத்திவிடுவாள். மிச்சம் இருக்கும் ஒன்றுக்கு மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கவலைப்படுவோம். அவள் போன பிறகு பத்தும் எனக்கே. பிள்ளை பிறந்த பிறகு உனக்கும் இந்தப் பயம் வரும், வராது என்று வீம்பு பேசாதே. வரும்போது மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. அவர் சிரித்தாலும் பரவாயில்லை. தனியாக வைத்துக்கொண்டிருந்தால் அது ஆளை என்னென்னவோ செய்ய வைக்கும். என்னைச் செய்ய வைத்ததைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

உன் வேலை எனக்கு எந்த அளவுக்குப் புரிந்திருந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று நினைத்துவிடுவாய். பட்டர்வொர்த்தைத் தாண்டி, பழைய செம்பனைத் தோட்டத்துக்குள் புறவழிச் சாலை வருகிறது. மேல்மண்ணை வழிக்க வந்த இயந்திரம் சிப்பி சிப்பியாக வாரிப் போட்டது. சிப்பிக்கு நடுவில் மிகப் பழைய காலத்துப் பானை ஓடு வந்தது. வேலையை நிறுத்தினார்கள், உன் குழுவைக் கூப்பிட்டார்கள், மழைக்காலம் தொடங்குவதற்குள் தோண்டிப் பார்த்து முடித்துக் கொடுங்கள் என்றார்கள். முதல் தடவை நான் சோற்றுக் கேரியரோடு வந்தபோது நீ என்னைக் குழியின் ஓரத்தில் நிற்க வைத்து, "இங்கதாம்பா வீடு" என்றாய். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பழுப்பு மண்ணில் வட்டவட்டமாகக் கறுப்புக் கறை இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கறை ஒவ்வொன்றும் ஒரு மரத்தூண் நின்று மக்கிப்போன இடம், தூண் போய்விட்டாலும் அது நின்ற இடம் மண்ணில் நிறமாகத் தங்கியிருக்கிறது என்றாய். விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டே ஒரு கறையிலிருந்து இன்னொரு கறைக்குப் போனாய். அப்போது எனக்கும் சுவர் தெரிந்தது. வாசல் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்டேன். "நல்ல கேள்விப்பா, அதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்" என்று நீ சொன்னதில் அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பும்போது பெர்ரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவரிடம், என் மகள் ஒரு வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று மலாயில் சொன்னேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பாவம், தலையாட்டினார்.

அதற்கப்புறம்தான் அரிசி விவகாரத்தைச் சொன்னாய். இவர்கள் கடலோரமாகச் சிப்பி பொறுக்கித் தின்றுவிட்டு இடம் மாறிப் போனவர்களா, இல்லை நெல்லை வைத்துக்கொண்டு இங்கேயே குடியிருந்தவர்களா என்பதுதான் கேள்வி. வெறும் சிப்பியும் ஓடும் என்றால் அளந்து, படம் எடுத்து, பெட்டியில் கட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான், மேலே சாலை வந்துவிடும். அடுப்புக்குள் நெல்லோ அரிசியோ கிடைத்தால் இது ஒரு ஊர் என்று நீங்கள் வாதாடலாம். ஊர் என்று ஆனால், சாலையை வாய்க்கால் பக்கமாகக் கொஞ்சம் வளைப்பதைப் பற்றி யோசிப்பதாக அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். சாலை வேலையைப் பார்க்கிற மேற்பார்வையாளரும் நம் ஆள்தான். அவர் உன் கூடாரத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, "மேடம், நீங்க அரிசியக் காட்டுங்க, ரோட்ட வளைக்கலாம்னு நானே மேல சொல்றேன். காட்ட முடியலன்னா விட்டுருங்க லா. மழ வந்துருச்சுன்னா எங்களுக்கு ரொம்ப சுசா, கஷ்டமாப் போயிரும், வண்டியெல்லாம் சேத்துல மாட்டிக்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் கேரியரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆக, ஒரு அரிசி என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை அது என் நினைப்பிலேயே வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இனி பயத்துக்கு வருகிறேன். கல்யாணமாகி எவ்வளவோ காத்திருந்து வந்த பிள்ளை இது. தொடக்கத்தில் இரத்தம் பட்டதும் டாக்டர் உன்னைப் படுக்கச் சொன்னார், நீ கெலுகோருக்கு வந்து என்னோடு இருந்தாய். அந்த நாட்களில் நான் உன் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியுமோ என்னவோ. நீ குளியலறைக்குப் போனால் எழுந்து நிற்பேன், திரும்பி வந்து படுத்தால் உட்காருவேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன மறுநாளே நீ பூட்ஸை எடுத்து மாட்டினாய். "டாக்டரே நடக்கச் சொல்லிட்டாங்கப்பா." "நடக்கச் சொன்னாங்க, குழிக்குள்ள எறங்கிக் குந்தச் சொன்னாங்களா?" "ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிறேன் லா, கவலப்படாதீங்க." ஸ்டூல் போட்டாய், உண்மைதான். நான் வந்த நாளெல்லாம் அந்த ஸ்டூலில் உன் தண்ணீர் பாட்டில்தான் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்தது அந்தப் போன். "அப்பா, ஒரு அம்மாவும் பாப்பாவும் கெடச்சிருக்காங்க" என்றாய். யாரோ வழி தவறி வந்தவர்கள் என்றே நினைத்துவிட்டேன். வீட்டுத் தூண்களுக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள், அவள் கைக்குள்ளேயே, அப்போதுதான் பிறந்த குழந்தையின் எலும்பு இருக்கிறது, எவ்வளவு கவனமாகப் படுக்க வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். உன் குரலில் அவ்வளவு அன்பு இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைத் துக்க வீட்டு வாசலைக்கூட மிதிக்க விடமாட்டோம் நாம். நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மாவை அவளுடைய சொந்தச் சித்தப்பா சாவுக்கே நான் அனுப்பவில்லை, அதற்காக அவள் என்னோடு சண்டை பிடித்தாள். நீ என்னடாவென்றால், பிரசவத்தில் போனவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவள்மேல் இருக்கும் மண்ணைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருக்கிறாய். "நீ கைய வைக்காதம்மா, வேற யாரையாச்சும் செய்யச் சொல்லு" என்றேன். "இல்லப்பா, இவங்கள நான்தான் எடுக்கணும்" என்றாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னேன். முகூர்த்த நாள், கல்யாண வீட்டார் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணும் ஆகாது, பொண்ணு பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடுங்கோ" என்றார். ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்ன வேகத்தைப் பார்த்ததும் ஏதோ ஆகப்போகிறது என்றே எனக்குப் பட்டது.

பெர்ரித் துறை வரைக்கும் நடந்து நடந்து யோசித்தேன். அவளுக்கு யார் வாய்க்கரிசி போட்டிருப்பார்கள்? கடைசியாக வாயில் உறவுக்காரன் கை அரிசி விழாமல் போனால் அந்த உயிர் பசியோடு சுற்றும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். பசியோடு ஒரு தாய், அவள் பக்கத்தில் ஒரு பிள்ளை, அவர்களுக்கு எதிரே நிறைவயிற்றோடு என் மகள். இப்படியே மனம் ஓடியது. அவர்கள் நம் வழக்கத்து ஆட்கள் இல்லை, அவர்களுக்கென்று ஒரு முறை இருந்திருக்கும், நீ சொன்னபடி அவ்வளவு கவனமாகப் படுக்க வைத்தவர்கள் வெறுமனே அனுப்பியிருக்க மாட்டார்கள். இதெல்லாம் இப்போது எழுதும்போது எனக்கே தோன்றுகிறது. அன்று தோன்றியது ஒன்றே ஒன்றுதான், யாரும் போடாவிட்டால் நான் போட்டுவிடுகிறேன் என்பது.

சனிக்கிழமை உன் குழுவுக்கே சேர்த்து மீன் குழம்பு வைத்து எடுத்து வந்தேனே, எல்லோரும் அங்கிள் அங்கிள் என்று என்னைக் கொண்டாடினார்களே, அது குழம்பு இல்லை பாப்பா, உங்களையெல்லாம் கூடாரத்தில் உட்கார வைக்க நான் செய்த ஏற்பாடு. கை கழுவி வருகிறேன் என்று எழுந்து வந்தேன். அவர்களை ஏற்கெனவே பெட்டியில் வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது தெரியும். ஆனால் படுத்திருந்த இடம் இருக்கும் அல்லவா? நாலு முளை அடித்துத் தார்ப்பாய் கட்டியிருந்த ஒரு குழி. உள்ளே சாம்பல் நிற மண். மூடிப் பத்திரமாக வைத்திருக்கிறார்களே, இதுதான் அவள் இடம் என்று முடிவு செய்துவிட்டேன். அது அடுப்பு என்றோ, நீங்கள் மண் எடுக்கச் சுத்தம் செய்து வைத்திருக்கிறீர்கள் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வெற்றிலையை விரித்து, பாலில் நனைத்து வைத்திருந்த பச்சரிசியைப் போட்டேன். அதன்மேலேயே சூடத்தை வைத்தேன். ஈரத்தில் பிடிக்காது என்று ஒரு கட்டிக்குப் பதிலாகக் கையில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். குப்பென்று பிடித்தது. அரிசி வெடித்தது, பால் தீய்கிற வாடை வந்தது. அந்த நேரம் பார்த்து நீ, "அப்பா, எங்க போனீங்க?" என்று கூப்பிட்டாய். எனக்கு உயிர் போய் வந்தது. செருப்புக் காலால் மிதித்து அணைத்தேன், பக்கத்து மண்ணைக் கையால் தள்ளி மூடினேன், வெளியே வந்தேன். "அந்தப் பக்கமெல்லாம் போகாதீங்க லா, பாம்பு இருக்கும்" என்றாய். சும்மா ஒதுங்கப் போனேன் என்று சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பாதிப் பொய். அரிசியைக் கையில் எடுத்ததும், யார் பேரைச் சொல்லிப் போடுவது என்று தெரியாமல் நின்றேன். பேர் சொல்லாமல் போட மனம் வரவில்லை. என் வாயில் வந்தது உன் அம்மாவின் பேர். கொரோனா நேரத்தில் அவளைப் பையில் சுற்றித்தான் நமக்குக் காட்டினார்கள், நீயும் நானும் தூரத்தில் நின்று கும்பிட்டோம். யாரையும் குறை சொல்வதற்கில்லை, அந்த நாளில் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. ஆனால் என்னோடு அத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் வாயில் நான் ஒரு மணி அரிசி போடவில்லை. நீ இதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை, நானும் உன்னிடம் பேசியதில்லை. அந்தக் குழியில் அவள் பேரைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்று அழுதேன். அதனால்தான் நேரமாகிவிட்டது, நீ கூப்பிட்டுவிட்டாய், நான் பதறினேன். உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றத்தான் போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பாதிதான் அது. மீதிப் பாதி எனக்காகவும் அவளுக்காகவும் போனேன். உனக்கும் அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதில் இருந்தால், என்னை மாதிரி ஒளித்து வைக்காதே, என்னிடம் வந்து சொல். சேர்ந்து செய்வோம், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மழை. செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தாய். "அப்பா! அரிசிப்பா! கருகின அரிசி, அடுப்புக்குள்ளயே இருக்கு!" நான் எந்தக் குழி என்று கேட்டேன். நான் பதறிக் கேட்டதை நீ சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாய். "தார்ப்பாய் போட்டு வச்சிருந்தோமே, அம்மாவும் பாப்பாவும் கெடச்ச எடத்துக்குப் பக்கத்துல. மேல மழைல கொஞ்சம் கலங்கிப் போச்சு, கீழ நல்லா இருக்குப்பா." சொல்லிக்கொண்டே அழுதாய். "அவங்க சமைச்சதப் பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருக்குப்பா. அந்த அம்மாவும் இதத்தானே சாப்பிட்டிருப்பாங்க" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நல்லதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்ததால், நம் ஃபிளாட்டுக்குக் கீழே தேநீர்க் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் சொன்னேன். தேத்தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டார். "அண்ணே, இப்ப ரோடு வளைஞ்சிருமா?" வளையலாம் என்றேன். "மக சந்தோஷமா இருக்குதா?" இருக்கிறாள் என்றேன். "அந்த எடமும் தப்பிச்சிருச்சு, புள்ளைக்கும் நல்ல பேரு. அப்பறம் என்ன சுசா உங்களுக்கு? இந்தாங்க, இதக் குடிச்சிட்டு வாய மூடிக்கிட்டு இருங்க லா." என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மறைக்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குமே தெரியாது. அந்த வீட்டுத் தூண் நின்ற இடமெல்லாம் தாருக்கு அடியில் போகாமல் இருக்கும், அவள் படுத்திருந்த இடத்தின்மேல் லாரி ஓடாது, நீ தேடிக்கொண்டிருந்த வாசலும் கிடைத்துவிடலாம். என் வாய் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. புதன்கிழமை காலையில் பேசாமல் இருந்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டு, அந்தத் தீர்மானத்தோடு நிம்மதியாக இருக்கப் பார்த்தேன்.

முடியவில்லை. முதலில் வந்தது என் வழக்கமான பயம்தான், பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. இந்த மாதிரிக் கிடைப்பதையெல்லாம் சோதனைக்கு அனுப்புவோம், அதன் வயது தெரிந்துவிடும், முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்று நீ எப்போதோ சொன்னாய். அப்படியானால், நாளை நீ பேசுவாய், சாலையை வளைக்கச் சொல்லி உத்தரவு போகும், அதற்கப்புறம் ஒரு நாள் அந்தச் சோதனை முடிவு வரும். போன மாதம் கடையில் வாங்கிய அரிசி என்று அதில் இருந்தால்? என் மகள்தான் போட்டாள் என்று சொல்வார்கள். ரோட்டை நிறுத்துவதற்காக மேடமே போட்டுக்கொண்டார் என்பார்கள். அதன்பிறகு நீ எந்தக் குழியில் எதை எடுத்தாலும் யார் நம்புவார்கள்? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ ஒவ்வொருவரிடமும் போய் நான் போடவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாய். ஆனால் அதைவிட என்னை உட்கார விடாதது உன் அழுகைதான். நீ அழுதது அந்த அம்மா சாப்பிட்ட அரிசிக்காகவா, உன் அப்பன் மிதித்து மூடிய அரிசிக்காகவா? இது தெரியாமல் என்னால் தட்டில் கை வைக்க முடியவில்லை. உன் பிள்ளை வளர்ந்த பிறகு அதனிடமும் இந்தக் கதையை நீ கண்ணீரோடு சொல்வாய், பக்கத்தில் நான் தாத்தா என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

உனக்கு உதவும் என்று நினைக்கிறதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். குழிக்குள் படி மாதிரி வெட்டியிருந்த பக்கத்தில் இறங்கி, இடது கைப் பக்க மூலையில்தான் போட்டேன். வெற்றிலைத் துண்டு இன்னும் கிடக்கலாம். மண்ணை நான் தள்ளியது மேலாகத்தான், ஒரு விரல் ஆழம்கூட இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் பதற்றத்தில் எவ்வளவு அழுத்தி மிதித்தேன் என்று எனக்கே தெரியாது, பிறகு மழையும் பெய்திருக்கிறது. நீ எடுத்தது கீழே இருந்து என்று சொன்னாயே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளாக இருக்கிறேன். நம்பிக்கை கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே, எனக்கு அதில் எதுவும் தெரியாது. அதே டப்பாவிலிருந்து கொஞ்சம் அரிசியைப் பொட்டலம் கட்டிக் கொண்டு வருகிறேன். அதைக் கருக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியுமா என்று உங்கள் ஆட்களைக் கேள். தெரிந்து, உன் அரிசி வேறு என்று ஆகிவிட்டால் நான் கோயிலில் விழுந்து கும்பிடுவேன். ஆகாவிட்டால் அந்த ஊரையே மூடியவன் நான்தான்.

நீ கோபப்படும் விதம் எனக்குத் தெரியும் என்பதால் இன்னொரு வேண்டுகோள். இந்தப் படிப்புக்கு நான் சம்மதிக்காதபோது நீ சத்தம் போடவில்லை. "இருக்கிறவங்களுக்கே வேல இல்ல, செத்தவங்களத் தோண்டி என்ன பண்ணப் போற?" என்று நான்தான் கத்தினேன். நீ பேச்சை நிறுத்திவிட்டாய். அந்த விடுமுறை முழுவதும் வேளாவேளைக்கு எனக்குச் சோறு போட்டாய், தண்ணீர் வைத்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தூது போனாள். அவள் இப்போது இல்லை. இந்தத் தடவை திட்டு, பாப்பா. என்ன வேண்டுமானாலும் சொல். உன் பிள்ளை உன் வேலையைக் கெடுத்தாலும், ஒரு நாள் கெடுக்கத்தான் போகிறது, அதையும் வாயால் திட்டு. பேசாமல் இருக்கும் வீட்டில் பயந்தவர்களுக்கு இருக்க இடமில்லை.

மத்தியானப் பெர்ரியில் கிளம்புகிறேன். மாப்பிள்ளையிடம் இதைக் கொடுத்துவிட்டு உங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ கீழே வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நாளைக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். என் மலாய் துறைமுகத்தில் கற்றுக்கொண்ட மலாய், அதிகாரிகளுக்கு முன்னால் பேச லாயக்கில்லாதது, ஆனாலும் இதைச் சொல்ல அது போதும். இவர் யார் என்று உன்னைக் கேட்பார்கள். அப்பா என்று சொல்ல நாக்கு கூசினால், சோறு கொண்டுவருகிற ஆள் என்று சொல்லிக்கொள். நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அரிசி அவர்களுடையதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை உன் வாயால் நீ சொல்ல வேண்டாம், பாப்பா. எழுந்து நின்று அதை நான் சொல்கிறேன்.

அப்பா